லயத்துக் கதவில் ஒரு படச்சட்டம்

கண்டி நகரத்தில் பழைய மரத்துக்கு இப்போது நல்ல கிராக்கி இருக்கிறது. பழைய சாமான் விற்கும் கடைகளின் வாசலில் வெடித்த நிலைகளையும், ஆணித்துளை விழுந்த கதவுகளையும், பெயின்ட் உரிந்த யன்னல் பலகைகளையும் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அடுப்புக்குப் போன சாமான்கள் இவை. இன்று ஹோட்டல்காரர்கள் வாங்கி மேசை செய்கிறார்கள். வெளிநாட்டவர் தங்கும் விடுதிகளில் சுவருக்கு அடிக்கிறார்கள். மிஞ்சும் துண்டுகள் படச்சட்டங்களாகின்றன. இழைத்து மினுக்காமல், பழையது பழையதாகவே தெரியும்படி செய்வதுதான் இதன் நாகரிகம்.

அமெரிக்காவில் இது பெரிய தொழில். அங்குள்ள பண்ணைகளில் மாடும் வைக்கோலும் தானியமும் இருந்த பெரிய மரக் கொட்டகைகளைக் கழற்றி, பலகை பலகையாக விற்கிறார்கள். அதில் ஒரு நியாயமும் உண்டு. அந்த நாட்டுச் செஸ்ட்நட் மரத்தை, 1904ஆம் ஆண்டு நியூயோர்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சண நோய் சில பத்தாண்டுகளுக்குள் ஏறக்குறைய முற்றாக அழித்துவிட்டது. ஆகவே அந்த மரத்தில் பெரிய பலகை வேண்டுமென்றால் பழைய கொட்டகைகளைத்தான் தேடிப்போக வேண்டும்.

இந்த விடயத்தில் எமது கண்டிப் பகுதியும் பின்தங்கியதல்ல. எம்பக்கே தேவாலயத்தின் செதுக்குத் தூண்களைப் பாடசாலைச் சுற்றுலாவில் பார்க்காதவர்கள் குறைவு. பதினான்காம் நூற்றாண்டில், கம்பளை இராசதானிக் காலத்தில் எழுந்த தேவாலயம் அது. அந்தத் தூண்களில் ஒரு பகுதி கம்பளையில் கைவிடப்பட்ட அரச மண்டபமொன்றிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரண்மனை மரத்தைக் கோயிலுக்கு எடுத்தார்கள். அதை யாரும் பழைய சாமான் என்று சொல்வதில்லை.

மலையகத்தில் கொட்டகை என்றால் எமக்கு ஸ்டோர், மாட்டுப்பட்டி, பிள்ளை மடுவம், லயம். ஸ்டோர் என்று மூத்தவர்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. ஹந்தானையில் 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட தொழிற்சாலையைத் தேயிலைச் சபை அருங்காட்சியகமாக்கி 2001இல் திறந்தது. கந்தப்பளையில் ஒரு தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாகிவிட்டது. ஸ்டோருக்கு இப்படி மறுவாழ்வு கிடைத்தது. லயத்துக்கு அவ்வளவு அதிர்ஷ்டமில்லை. கம்பளைக்குக் கிட்ட ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயமொன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக, கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அமைத்தது. அங்கே போனால் பழைய அடுப்பங்கரையையும் பாத்திரங்களையும் கொழுந்துக் கூடையையும் காணலாம். போகாத சகோதரிகள் ஒருமுறை பிள்ளைகளோடு போய்வர வேண்டும். மற்றைய லயங்கள் இடிந்து விழுகின்றன, அல்லது இடிக்கப்படுகின்றன.

இடிப்பதற்காக நான் வருந்தவில்லை. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய வாழ்வு முடிய வேண்டியதுதான். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது எமது மக்கள் எத்தனையோ வருடங்கள் கேட்டுப் பெற்றது, அதுவும் இன்னும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நான் சொல்ல வந்தது இடித்த பிறகு அந்த மரத்துக்கு நடப்பதைப் பற்றி.

கலஹா வீதியில் நான் வேலை செய்யும் ஒரு தோட்டத்தில் சில வருடங்களுக்கு முன்பு பத்துக் காம்பரா லயமொன்றை இடித்தார்கள். குடியிருந்தவர்கள் புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கொந்தரப்புக்காரரின் லொறி வந்து கூரைத் தகரம், வளை, கதவு, நிலை என்று ஏற்றியது. ஓய்வுபெற்ற மூத்த அம்மா ஒருவர் தன் காம்பராக் கதவை மட்டும் கேட்டார். “இது தோட்டத்துச் சொத்து, கொடுக்க ஏலாது” என்று பதில் வந்தது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து 52 வருடம் அவர் திறந்து பூட்டிய கதவு அது. உக்கிய கீழ்ப்பலகையை மாற்றிப் போட்டவர் அவருடைய கணவர், அதற்கான மரத்தையும் தன் சொந்தப் பணத்தில் வாங்கித்தான் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து நகரத்துக் கடையொன்றில் அதே லயத்துக் கதவொன்றைக் கண்டேன். காம்பரா இலக்கம் வெள்ளைப் பெயின்டில் அப்படியே இருந்தது. ‘ஆங்கிலேயர் காலத்துக் கதவு’ என்று அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் செய்தது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆங்கிலேயரும் படுத்துறங்கியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பலவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது, காணி அரசினுடையதாகவே இருக்கிறது. லயத்தில் இருப்பவருக்குச் சுவரும் சொந்தமில்லை, கதவும் சொந்தமில்லை. பேராதனையில் சமூகவியல் படித்த காலத்தில் ‘பொருள்சார் பண்பாடு’ என்று ஒரு பாடம் படித்தோம். ஒரு சமூகம் புழங்கிய பொருள்கள் அச்சமூகத்தின் சரித்திரம் என்று பரீட்சைக்கு எழுதினோம். அந்தச் சரித்திரத்தை லொறியில் ஏற்ற யாருக்கு உரிமை என்ற கேள்வி வினாத்தாளில் வரவில்லை.

எமது மகளிர் குழுவில் அப்போது 14 பேர் இருந்தார்கள். அடுத்த லயம் இடிபடுமுன் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். பலமுறை நடந்தபின் ஒரு பாதி வெற்றி கிடைத்தது: கொந்தரப்புக்காரர் வேண்டாமென்று கழிக்கும், மூன்றடிக்குக் குறைந்த துண்டுகளை நாங்கள் எடுக்கலாம். அதை எழுத்தில் வாங்கினோம். இது முக்கியம். மரம் ஏற்றும் வாகனத்தை வழியில் நிறுத்திக் கேட்பார்கள். பழைய பலகைதானே என்று வெறுங்கையோடு போகக்கூடாது. நாங்கள் தோட்டத்துக் கடிதத்தோடு கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு கடிதம் வாங்கித்தான் முச்சக்கரவண்டியில் ஏற்றினோம்.

மூன்றடிப் பலகையில் கதிரை செய்ய முடியாது, மேசை செய்ய முடியாது. ஆனால் படச்சட்டம் செய்யலாம். எமது குழு இந்தத் தொழிலுக்கு வந்தது அப்படித்தான். பக்கத்துக் கிராமத்தின் தச்சு பாஸ் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பழக்கினார். கணக்கு இதுதான். 8 அங்குலத்துக்கு 10 அங்குலப் படமொன்றுக்கு, இரண்டங்குல அகலச் சட்டத்தில் உட்புறம் கால் அங்குலக் காடி வெட்டினால், வெளியளவு பதினொன்றரை அங்குலமும் பதின்மூன்றரை அங்குலமும் வரும். ஒரு நீளமும் ஒரு அகலமும் சேர்ந்தால் 25 அங்குலம். மூன்றடித் துண்டில் அது அடங்கி, வெடித்த நுனியைக் கழிக்கவும் இடமிருக்கும். ஆறங்குல அகலப் பலகையை நீளவாக்கில் கிழித்தால் இரண்டு சட்டம் நிச்சயம் வரும், அதாவது ஒரு படத்துக்குச் சரி. வாள் தின்னும் மரத்தூளையும் ஓரத்து உக்கலையும் கழித்தால் மூன்றாவது சட்டம் வருவது அபூர்வம்.

மரத்தை வாளுக்குக் கொடுக்குமுன் ஆணி பார்க்க வேண்டும். தலை உடைந்து உள்ளே இருக்கும் ஆணி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வாளின் பல்லைத் தின்றுவிடும். பழுதாய்ப்போன ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் மெல்லக் கொண்டுபோவோம். ஆணி இருக்கும் இடத்தில் அது இழுக்கும். பிறகு உளுப்பு. சிறு துளைகள் இருப்பதால் மட்டும் பலகையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. வெள்ளைக் கடதாசியின் மேல் ஓரிரு நாள் வைத்து, புதிதாக மாவு கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது. போரக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசி, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும்.

பெயின்ட் பூசிய பலகைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்டுகளில் ஈயம் இருந்திருக்கலாம். எமது நாட்டில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அந்தப் பெயின்டைக் காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறந்து மூச்சோடு போகும், சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே தேய்க்கும் பழக்கத்தைக் குழுவில் கண்டிப்பாக நிறுத்தினோம். பெயின்ட் உள்ளவற்றை இப்போது நாங்கள் எடுப்பதேயில்லை. அழகாக இருக்கிறதே என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

பெயின்ட் இல்லாத லயத்துப் பலகைக்கு இரண்டு முகம். வெளிமுகம் சாம்பல் நிறம். மரத்தை விறைப்பாக வைத்திருக்கும் பசை போன்ற பொருளை வெயில் மேல்மட்டத்தில் சிதைத்துவிட, மழை அதைக் கழுவிப்போக, மிஞ்சிய நார் வெளுத்துச் சாம்பலாகிறது. கொட்டகை மரமென்று அமெரிக்காவில் விலை போவது இந்த நிறத்துக்குத்தான். உள்முகம் கறுப்பு. காம்பராவுக்குள்ளேயே அடுப்பு, அடுப்புக்கு மேலே விறகு காயும் அட்டல். புகை போக வழியில்லாமல் வருடக்கணக்காகப் படிந்த கரி அது. சவர்க்காரத் தண்ணீரும் தும்புத் தூரிகையும் கொண்டு கழுவினால் மேல்கரி போய், கரும்பழுப்பு நிறமொன்று தங்கிவிடும். எந்தக் கடை வார்னிஷிலும் அந்த நிறத்தை நான் கண்டதில்லை. அதையும் தாண்டி இழைப்புளி போட்டால் பலாப் பலகையாயின் மஞ்சள் கலந்த பழுப்பு வெளிப்படும். ஆனால் அத்தோடு பழைய மரம் என்ற அடையாளம் போய்விடும்.

குழுவின் அங்கத்தவர் ஒருவருக்கு இந்த வேலை முதலிலேயே பிடிக்கவில்லை. “அந்தக் கரியக் குடிச்சுத்தான் எங்கம்மா இருமி இருமிச் செத்தாங்க. அதக் கழுவிக் கண்ணாடி போட்டு திரும்பவும் வீட்டுக்குள்ள மாட்டணுமா மிஸ்?” என்று கேட்டார். அவர் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. லயத்து மரத்தை அழகென்று சொல்பவர்களில் பெரும்பாலோர் லயத்துப் புகையைக் குடிக்காதவர்கள். அவர் இன்றுவரை சட்டம் செய்வதில்லை. கணக்குப் புத்தகத்தை அவர்தான் பார்க்கிறார், ஒரு சதம் பிசகியதில்லை.

முதல் சட்டங்கள் முடிந்தபோது விற்பதற்குமுன் ஆளுக்கொன்று வீட்டுக்கு வைத்துக்கொள்வதென்று தீர்மானமாயிற்று. அப்போதுதான் வேறொரு விடயம் தெரியவந்தது. சட்டத்துக்குள் வைக்கப் பலரிடம் படமில்லை. கலியாணப் படம், பிள்ளைகளின் பாடசாலைப் படம் இருந்தன. தாய் தகப்பனின் படம் இல்லை, அல்லது ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் பெரும்பாலும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம்.

இளைய சகோதரிகளுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னார்க் கப்பலேறுவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ வேண்டும். அதுவரை ஸ்டூடியோ வாசலை மிதிக்காதவர்கள் கண்டி டவுனுக்கு வந்து கமெராவுக்கு முன்னால் உட்கார்ந்தது அதற்காகத்தான். சிலர் போனார்கள். சிலர் பேர் பதிந்தும் போகாமல் நின்றார்கள். நாடற்ற நிலை சட்டப்படி ஒரு முடிவுக்கு வந்தது 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தோடுதான்.

கதவு கேட்டுக் கிடைக்காமற்போன அந்த மூத்த அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து தன் தாயின் படத்தைக் காட்டினார். கடுதாசித் துண்டளவு. தாயின் இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தலை மட்டும். மூவருக்கும் ஒரே படம். தாய் சிரிக்கவில்லை. ஊருக்குத் துரத்தப் பிடித்த படத்தில் யார் சிரிப்பார்கள்? பயணத்துக்கு நாள் வருமுன் அந்தத் தாய் லயத்திலேயே இறந்துபோனார்.

கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் அதைப் பிரதியெடுத்துப் பெரிதாக்கினோம். தாயின் மூக்குத்தி அப்போதுதான் தெரிந்தது. மூத்த அம்மா விரலால் அதைத் தொட்டுப் பார்த்து, “இது அடகுக்கடையில போச்சு” என்று மட்டும் சொன்னார்.

படம் வைப்பதிலும் சில முறைகள் உண்டு. மூலப்படத்தை ஒருநாளும் சட்டத்துக்குள் வைக்கக்கூடாது. பிரதியை வைத்து, மூலத்தைக் கடதாசி உறையிலிட்டு ஈரம்படாத இடத்தில் வைக்க வேண்டும். எமது மலைநாட்டு ஈரத்துக்குப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தெடுக்க முடியாது. ஆகவே கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் ஓரங்களில் தடித்த அட்டை கொடுக்க வேண்டும். பழைய மரத்தின் புளிப்புத் தன்மை காலப்போக்கில் கடதாசியை மஞ்சளாக்கும், எனவே மரமும் படத்தைத் தொடக்கூடாது. பின்பலகைக்குப் பழைய தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப்பலகையை எடுத்தோம். இப்போது தேயிலை கடதாசிப் பைகளில் போகிறது, ஆனால் லயங்களில் இடைமறைப்பாக அடித்த பெட்டிப் பலகைகள் இன்னும் கிடைக்கின்றன. சிலவற்றில் தோட்டத்தின் பெயர் அச்சு அழியாமல் இருக்கும். அந்தப் பக்கத்தைத் தெரியும்படி வெளியே வைக்கிறோம்.

2023இல் ‘மலையகம் 200’ என்று நாடெங்கும் நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனார்கள் அல்லவா? அந்த வருடம் எமது குழுவும் வாசிகசாலையில் ஒருநாள் இந்தப் படங்களை மாட்டி வைத்தது. பார்க்க வந்தவர்கள் படத்தைவிடச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார்கள். “இது எங்க லயத்துப் பலகையா?” என்ற கேள்விதான் அதிகம்.

விற்பனை வேறு கதை. நகரத்துக் கடைக்காரர் ஒருவர் எமது சட்டங்களைப் பார்த்து மகிழ்ந்து, ஒரு நிபந்தனை வைத்தார். வெறும் சட்டம் போகாது, கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் கொழுந்துப் பெண்ணின் படம் வைத்துக் கொடுத்தால் சுற்றுலாப் பயணிகள் கேட்ட விலைக்கு வாங்குவார்கள் என்றார். குழுவில் அன்று பெரிய வாக்குவாதம். இளைய பெண்கள் இருவர், “சிரிச்ச படம் வச்சா என்ன அக்கா, காசு வருந்தானே. யாரோ எடுத்த படத்த யாரோ விக்கிறாங்க, நாமளே வித்தா என்ன?” என்றார்கள். மூத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நான் மாதச் சம்பளம் வாங்குபவள், நாட்கூலி பெயரைப் பொறுத்து வாழ்பவர்களுக்கு இதில் புத்தி சொல்ல எனக்கு இடமில்லையென்று பேசாமல் இருந்தேன். கடைசியில், கடைக்குப் போகும் சட்டத்தில் முகம்பார்க்கும் கண்ணாடி பூட்டுவதென்று முடிவாயிற்று. வாங்குபவர் தன் முகத்தையே பார்த்துக்கொள்ளட்டும் என்று கணக்குப் பார்ப்பவர் சொன்னார். கண்ணாடிகள் நன்றாகவே போகின்றன. படம் வைத்திருந்தால் இன்னும் நன்றாகப் போயிருக்கும் என்று இளையவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தை எப்படி உலுக்கின என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எமது தோட்டத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு லயத்தின் பின்சுவர் விழுந்து இரண்டு காம்பராக்களுக்குள் சேறு நிறைந்தது. இரு குடும்பங்களும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், படங்கள் எல்லாவற்றையும் இழந்தன. அதில் ஒரு குடும்பத்தின் பாட்டி படத்துக்கு மட்டும் குழுவின் கோப்பில் ஒரு பிரதி இருந்தது. மற்றக் குடும்பத்துப் பெண், “நாங்களும் குடுத்திருக்கலாம்” என்றார். அதற்குப் பிறகு சட்டம் செய்கிறார்களோ இல்லையோ, எல்லா வீட்டுப் படங்களையும் பிரதியெடுக்கும் வேலையை முதலில் செய்கிறோம். சேற்றில் கிடந்த பலகைகளையும் எடுத்து, இடையில் குச்சி வைத்து அடுக்கி, கூரைக்குக் கீழ் காயப் போட்டிருக்கிறோம். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும் என்று பாஸ் சொல்லியிருக்கிறார்.

மண்சரிவு அபாயமென்று அந்த மேட்டு லயம் முழுவதையும் இடிக்கப்போகிறார்கள். இம்முறை நாங்கள் துண்டுப் பலகை கேட்கவில்லை. ஒவ்வொரு காம்பராவின் கதவும் அதில் கடைசியாக இருந்த குடும்பத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும், அவர்கள் வேண்டாமென்றால் மட்டும் கொந்தரப்புக்காரருக்குப் போகட்டும் என்று பெண்களே எழுதி, 31 பேர் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. கதவுகளின் உட்பக்கத்தில், கரியின் மேல், அந்தந்த வீட்டுப் பெண்ணின் பெயரைச் சோக்கால் எழுதி வைத்திருக்கிறார்கள்.